என் பெயருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலை நேரம். கரையாம்புத்தூர் ஊர் முனையில் என் பெயர் போட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். வண்டியோடு விழாமல் நின்றதே பெரிய விஷயம்.

நான் வில்லியனூரில் வாடகை வீட்டில் இருப்பவன். ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். மனைவியின் செயினை விற்று ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். மூன்று மாதத்தில் கிரயம் முடிக்காவிட்டால் அது போச்சு. ஹவுசிங் லோன் கேட்டுப் போனால், கிரெடிட் ஸ்கோர் படு மோசம், லோன் கிடையாது என்றார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்தேன். நான் வாங்கவே வாங்காத டிராக்டருக்கு என் பெயரில் கடன், ஆறு மாதமாகத் தவணை கட்டவில்லை! அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் என்னுடையவை. விலாசம் மட்டும் கரையாம்புத்தூர்.

எவனோ என் ஜெராக்ஸை வைத்து ஏமாற்றிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், ரிப்போர்ட்டில் இருந்த பெயரைச் சொல்லி, "செத்துத் தொலையட்டும் அவன்" என்று கத்தினேன். உடனே சுவரில் பல்லி, நான் சொன்னது பலிக்கும் என்பதுபோல, கவுளி சொன்னது. மனைவி பதறிப் போனாள்.

"இன்னா பேச்சு பேசற நீ? அது உம் பேரும்தானே!"

போடி, வேற வேலை இல்லை என்றேன். ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

லீவு கிடைக்க இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஆளைப் பிடித்துச் சட்டையை உலுக்கிவிடுவது என்றுதான் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தால் இந்த பேனர். படத்தில் யாரோ ஒருவர். தோற்றம் என்று என் பிறந்த தேதி. மறைவு என்று போட்டிருந்த தேதி, கவுளி சொன்னதற்கு மறுநாள்.

வண்டியை ஓரம் கட்டினேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "காரியத்துக்கு வந்தீங்களா? நேரா போங்க, பந்தல் போட்ட வூடு. நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்றார். தெரிஞ்சவங்க என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

அன்று பதினாறாம் நாள். உள்ளே எல்லோரும் என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். உயிரோடு நின்று அதைக் கேட்கிற கஷ்டம் எதிரிக்கும் வரக்கூடாது. திரும்பிவிடலாம் என்றால் மனைவியின் வெறுங்கழுத்து ஞாபகம் வந்தது. கூட்டம் குறையும்வரை காத்திருந்து, இறந்தவரின் மனைவியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். என் ஆதார் கார்டையும் காட்டினேன்.

அந்த அம்மா கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஆறு மாசமா ஆஸ்பத்திரியும் வூடுமா கெடந்தாருங்க. இல்லனா ஒரு தவணை உட்டதில்ல. அவரு பேரோட வந்துருக்கீங்க, பசியோட போவக்கூடாது. உக்காருங்க."

அவருக்குப் பிடித்த வஞ்சிர மீன் குழம்பைப் படைத்திருந்தார்கள். எனக்கும் அதுதான் உயிர். இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு மஞ்சள் பையிலிருந்து டிராக்டர் கடன் காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். பான் நம்பர் வேறு, ஆதார் நம்பர் வேறு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருந்ததால் இரண்டு பேர் கணக்கு ஒரே ரிப்போர்ட்டில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். நிதானமாக நம்பரைச் சரிபார்த்திருந்தால் பேங்கிலேயே தெரிந்திருக்கும், இந்த முன்கோபிக்கு அது எங்கே தோன்றியது! அந்தக் காகிதத்திலேயே கடனுக்கு இன்சூரன்ஸ் இருப்பதும் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு அதை எழுதிக் கொடுத்து, இரண்டு முறை பேங்குக்குக் கூடவே போய் வந்தேன். மீதிக் கடனை இன்சூரன்ஸ் அடைத்தது, டிராக்டர் அவர்களிடமே நின்றது.

அந்த நம்பர்களைக் காட்டி, ரிப்போர்ட் கொடுக்கிற கம்பெனிக்கு நானும் எழுதிப்போட்டேன். இரண்டு மாதத்தில் அந்தக் கடன் என் ரிப்போர்ட்டிலிருந்து போனது, ஸ்கோர் ஏறியது, கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது கிரயமும் முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு அந்த அம்மா வந்து, என் பெயரைச் சொல்லி "நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தினார்.

அந்தப் பெயரைச் சொல்லி நான் என்ன கத்தினேன் என்பதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை; புது வீட்டுச் சுவரில் கவுளி சொல்லும்போதெல்லாம், கடைசியாக என்ன பேசினோம் என்று என் வாய் தானாக நின்று யோசிக்கிறது.