தரைப்பாலத்தில் ஒரு ஜீப்பும் ஒரு லாரியும்

போன வாரம் மணவாள நகரில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் பெரிய வண்டி ஒன்று வாங்கினான். மலை ஏறுமாம், மணலில் ஓடுமாம். என்னை உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனான். பெல்ட் போடவில்லை என்று வண்டியே என்னை அதட்டியது. திரும்பும்போது தேங்கிய மழைத்தண்ணீரில் இறங்கி ஏறினோம். சூடான இரும்பில் சேற்றுத்தண்ணீர் பட்டு எழும் வாசனை குப்பென்று வந்தது. அவ்வளவுதான், எழுபதுகளுக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் சர்வே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கும்மிடிப்பூண்டியைச் சுற்றித் தொழிற்சாலைகளுக்கு நிலம் அளக்கிற வேலை. எங்கும் முள்ளுக்காடு, ஏரிச்சேறு. எங்களுக்கு வாடகைக்கு ஓடியது காதர் பாயின் ஜீப். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்தவர்; மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி அது. கதவு கிடையாது. கதவு இருக்கவேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு கயிறு. எங்கள் பெல்ட் அதுதான்.

அவருக்கு நேர் எதிரி எளாவூர் முனிரத்தினம். செங்கல் ஏற்றும் டீசல் லாரி வைத்திருந்தார். செக்போஸ்ட் டீக்கடையில் இருவரும் பார்த்துக்கொண்டால் போதும்.

"இன்னா பாய், உன் தகரடப்பா இன்னும் ஓடிக்கினு கீதா?"

"நாலு சக்கரமும் இழுக்கும்பா. உன்னுது சேத்தப் பாத்தாலே படுத்துக்கும்."

"உன்னுது பெட்ரோலு. தண்ணி பட்டா செத்துடும். என்னுது மூச்சு வுட்டுக்கினே போவும்."

தீர்ப்புச் சொல்லச் சொல்லி என்னைப் பார்ப்பார்கள். ஹாரன் சத்தம் நன்றாக இருந்ததால் நான் லாரிப் பக்கம். என் வாகன அறிவு அவ்வளவுதான்.

பாயின் நிதானத்தை மட்டும் அன்றே வியந்திருக்கிறேன். தண்ணீரில் இறங்குமுன் ரேடியேட்டர் முன்னால் சாக்குக் கட்டுவார். விசிறி தண்ணீரை இறைக்காமலிருக்க அதன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டிக் காயவைப்பார். "நனைஞ்ச பிரேக்க நம்பி ஊருக்குள்ள போவக்கூடாது தம்பி."

ஓர் ஐப்பசி மாதம், ஆரணி ஆற்றுக்கு அக்கரையில் வேலையை முடித்துத் திரும்பினோம். ஏரியோரக் குப்பத்து மீன்கார அஞ்சலையும் கூடையோடு ஏறிக்கொண்டாள். தரைப்பாலத்தின் மேல் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். பாதி தாண்டியிருப்போம். கல் பெயர்ந்திருந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. கட்டியிருந்த சாக்கையும் மீறித் தண்ணீர் அடித்து என்ஜின் நின்றது. வெள்ளம் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலத்தின் ஓரத்துக்குத் தள்ள ஆரம்பித்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. அளவைக்கருவிப் பெட்டியைக் கைக்குழந்தைபோல அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அஞ்சலை என் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"சார், பொட்டிய உடு. என் கையப் புடி!"

பின்னாலிருந்து அந்த ஹாரன். முனிரத்தினம். முழு லோடு செங்கல்லோடு வெள்ளத்தில் இறங்கினார். "பாய், அசையாதே! நான் மேல்பக்கம் வரேன்!" லாரி எங்களுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே சுவர்போல வந்து நின்றது. ஜீப் நகர்வது நின்றுவிட்டது. அவரே இறங்கி, பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, லாரியின் பின்பக்கத்திலிருந்து ஜீப்புக்குச் சங்கிலி மாட்டி இழுத்தார்.

கரைமேட்டில் ஏறும்போதுதான் வினை. வண்டலில் லாரியின் பின்சக்கரம் வெறுமனே சுற்றியது. நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. அத்தனை பாரமும் எங்களை நோக்கி வழுக்கியது. அஞ்சலை குதித்தாள். லாரியிலிருந்து செங்கற்களை உருவிச் சக்கரத்துக்குப் பின்னால் அடுக்கினாள். நானும் குதித்து எடுத்துக்கொடுத்தேன். அதற்குள் பாய் தோள்துண்டால் என்ஜின் ஒயர்களைத் துடைத்து ஜீப்பைக் கிளப்பிவிட்டார். சங்கிலியைக் கழற்றினார். நாலு சக்கரமும் சேற்றைக் கவ்வ, லாரியைச் சுற்றி மேடேறி, முன்னால் போய் மாட்டி இழுத்தார். செங்கல் மேல் சக்கரம் ஏற, லாரி முனகிக்கொண்டே கரைக்கு வந்தது.

முனிரத்தினம் இறங்கி வந்து சேற்றில் மல்லாந்து ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். "ஸ்டீரிங் நட்டு ஆடுது பாய். இத்த வெச்சிக்கினா இத்தினி நாளு ஓட்டுனே?" பாய் பதிலுக்கு லாரியின் பின்டயரைத் தடவினார். "உன் டயரு என் தலமாதிரி வழவழன்னு கீது."

"சொந்த வண்டி மேல ஆச. கொற கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது," என்றார் முனிரத்தினம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் ஒருவர் வண்டியை மற்றவர் பார்த்தார். ஈவிரக்கமே இல்லாமல் குறை கண்டுபிடித்தார்கள். சரிசெய்யும்வரை சாவியைத் திருப்பித் தரமாட்டார்கள். டீக்கடைச் சண்டை மட்டும் அப்படியேதான் இருந்தது.

மாற்றலாகிப் போய்ச் சில வருஷம் கழித்து வந்தபோது, ஆற்றில் புதுப்பாலத்துக்குத் தூண் எழுந்துகொண்டிருந்தது. முனிரத்தினம் நெஞ்சுவலியில் போய்விட்டிருந்தார். லாரி ஆந்திரப் பக்கம் கைமாறியிருந்தது. காதர் பாய் வீட்டு வாசலில் ஜீப்பை விலைபேசிக்கொண்டிருந்தார். நான் சாவியைத் திருகினேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

"நல்லாத்தானே ஓடுது பாய், ஏன் விக்கிறீங்க?"

அவர் பானட்டின் மேல் கைவைத்து நின்றார்.

"ஓடுது தம்பி. மழ வரப்போவுது. அடியில படுத்துப் பாக்கத்தான் ஆளில்ல."