பர்மிட் அக்கா

என் சித்தி தமயந்தி எதையும் எடுத்த எடுப்பில் நம்ப மாட்டாள். டாலிகஞ்ச் மார்க்கெட்டில் மீன்காரர் அவளைக் கண்டதுமே தராசுத் தட்டைக் கவிழ்த்துக் காட்டிவிடுவார். "பாத்துக்கோங்க தீதி, அடியில ஒண்ணும் ஒட்டல" என்று வங்காளியில் சொல்வார். சித்தி அதற்கப்புறமும் ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பாள்.

இந்தக் குணத்துக்குத்தான் அவளுக்குச் சம்பளம். பவானிபூரில் வெங்கடநாராயணன் நடத்தும் கனரக லாரிக் கம்பெனியில் அவள் பர்மிட் பார்க்கிறாள். சாதாரண லாரிக்கு அவள் தேவையில்லை. சட்டம் அனுமதிக்கும் எடையைத் தாண்டிய வண்டி சாலையில் ஏற வேண்டுமென்றால் போகிற ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாக அனுமதி வாங்க வேண்டும், தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். எடை ஏறினால் கட்டணமும் ஏறும். அதனால் எடையைக் குறைத்துச் சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. அந்த அனுமதியும் பிரித்து ஏற்ற முடியாத ஒற்றைப் பொருளுக்கு மட்டும்தான். "ஏற்றியிருப்பது இது ஒன்றுதான், எடை இவ்வளவுதான்" என்று கம்பெனி சார்பில் கையெழுத்துப் போடுவது சித்தி.

ஒரே ஒருமுறை அவள் பார்க்காமல் போட்டாள். டிரைவர் தன் குழந்தை மேல் சத்தியம் செய்தான். ஒடிசா எல்லையில் தார்ப்பாயை அவிழ்த்தபோது உள்ளே பெட்டி பெட்டியாக வேறு சரக்கு இருந்தது. அந்த டிரைவரின் லைசென்ஸ் போயிற்று. அன்றிலிருந்து அவள் டிரைவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. நேரே போய் வண்டியைத்தான் பார்ப்பாள்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து அவள் வீட்டில் தங்கியிருந்த என்னை, "சும்மா உக்காந்து ஃபோனத் தேய்க்காத, வா" என்று அன்று தாராதலா யார்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். துர்கா பூஜை தொடங்க இருந்தது. மறுநாள் முதல் கனரக வண்டிகளுக்கு நகரத்துக்குள் தடை. அன்று கிளம்பாத வண்டி பூஜை முடியும்வரை நிற்க வேண்டியதுதான்.

யார்டில் மின்நிலைய டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சுமந்துகொண்டு நீளமான டிரெய்லர் நின்றது. அதன் டிரைவர் மாணிக்கம் நாமக்கல் பக்கத்து ஆள். துவைத்த சட்டையோடு ஓடிவந்தார்.

"வாங்கக்கா! உங்க கையெழுத்து ஒண்ணுதானுங்க பாக்கி. இன்னிக்குக் கெளம்பி ஒடிசால எறக்கிட்டன்னா, ரயிலப் புடிச்சு வெள்ளிக்கிழம ஊருக்குப் போயிருவனுங்க. புள்ளைக்கு நிச்சயமுங்க."

"போடலாம், போடலாம்" என்று சொல்லிக்கொண்டே சித்தி வண்டியைச் சுற்றி நடந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றவள் என் கையைக் கிள்ளினாள். தரையில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன.

"பாத்தியா?"

"பழம். அதுக்கென்ன?"

"நம்ம ஊர் டிரைவருங்க பாரம் ஏத்தினதும் சக்கரத்துக்கடியில பழம் வெச்சுத்தான் வண்டிய எடுப்பாங்க. அது ஃபேக்டரி வாசல்லயே முடிஞ்சிருக்கும். எடை போட்டு நேரா இங்க வந்து நிறுத்தின வண்டிக்கு, இங்க எதுக்கு இன்னொரு தடவை? திரும்ப எங்கயோ போய்ட்டு வந்திருக்கான்."

"அவரையே கேளேன்."

"கேட்டா பொய்தான் வரும். அத நாமளே கேட்டு வாங்கணுமா?"

தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னாள். மாணிக்கம் அவிழ்த்தார். டிரான்ஸ்பார்மரைத் தவிர ஒரு பெட்டிகூட இல்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். சித்தியின் முகமோ இன்னும் இறுகியது.

"அப்ப எண்ணெய்தான்" என்றாள்.

டிரான்ஸ்பார்மரில் எண்ணெயை வடித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், எண்ணெய் தனி டேங்கரில் போகும். அந்த டேங்கர் வாடகையை மிச்சம் பிடிக்க, எடை போட்ட பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் எண்ணெயை நிரப்பிவிட்டார்கள் என்பது அவள் கணக்கு. இரும்புச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாரால் பார்க்க முடியும்? சித்தி தள்ளிப் போய் யாருக்கோ ஃபோன் செய்து தணிந்த குரலில் வங்காளியில் பேசினாள். பேசும்போது எனக்கு முதுகைக் காட்டினாள். யாரோடு பேசுகிறாள், எதற்கு இந்த ரகசியம் என்று எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

சேதி எப்படியோ எட்டி, வெங்கடநாராயணன் காரில் வந்து இறங்கினார்.

"ஏம்மா தமயந்தி, ஃபேக்டரிக்காரா எடைச்சீட்டு குடுத்தாச்சு. அதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?"

"வேற மேடையில இன்னொரு தடவை எடை போடணும் சார். இப்பத்தான் ஒருத்தன்கிட்ட பேசி வெச்சேன். ஃபேக்டரிக்காரனுக்குத் தெரியாத மேடை."

"பொழுது போனா வண்டி நின்னுடும். தெரிஞ்சுதானே பண்றே?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நமக்குப் போட்டியா இருக்கானே, அந்த ஹௌராக்காரன் உன்னண்ட ஏதாவது பேசினானா? நம்ம லோடு நின்னா அடுத்த ஆர்டர் அவனுக்குத்தானே போகும்?"

"பேசினா உங்ககிட்ட சொல்றேன் சார். நீங்க கூடப் போட்டுக் குடுக்கறீங்களான்னு பாப்போம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையெழுத்தில்லாமல் வண்டி நகராது என்பதால் மறுக்கவும் முடியவில்லை.

எடைமேடையில் பூஜைக்கு முன் சரக்கை அனுப்பிவிடத் துடித்த லாரிகள் வரிசைகட்டி நின்றன. எங்கள் முறை வருவதற்குள் வெயில் இறங்கிவிட்டது. எடை வந்தது. சீட்டில் இருந்த அதே எடை.

சித்தி அங்கேயே பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் நெடுஞ்சாலைக்குப் போகும் ரோட்டில் டிராஃபிக் சார்ஜென்ட் பந்தல்களைக் கைகாட்டி வண்டியைத் திருப்பிவிட்டார். கூட்டம் இன்றைக்கே தெருவில் இறங்கிவிட்டது, இனிமேல் பூஜை கழிந்துதான் என்றார்.

யார்டில் வண்டியை மறுபடி நிறுத்திவிட்டு மாணிக்கம் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"என்ன சந்தேகம்னு இப்பவாச்சும் சொல்லுங்கக்கா."

சித்தி பழங்களைக் காட்டினாள்.

"இதுக்கா? பக்கத்துக் கிளப்புப் பசங்க பூஜைப் பந்தலுக்கு மூங்கில் எறக்கணும், வண்டிய நகத்துன்னானுங்க. கேட்டுக்கிட்ட இருந்து உள்ளார நகத்துனன். இத்தன சக்கரம் பாரத்தோட உருளுது, பழம் வெக்காம எப்படியுங்க எடுக்கறது?" கேட்டுக்கு வெளியே மூங்கில் பந்தல் பாதி எழும்பி நின்றது. "ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

பாரம் ஏற்றிய வண்டியை விட்டு டிரைவர் போகக் கூடாது என்பது கம்பெனி விதி. அதைத் தளர்த்தச் சொல்லி சித்தி வெங்கடநாராயணனிடம் இரண்டு முறை பேசினாள். அவர் மசியவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். தெருவெல்லாம் டாக் மேளம். மாணிக்கம் வண்டி நிழலில் உட்கார்ந்து வீடியோ காலில் இருந்தார். திரையில் அவர் மகள் மகேஸ்வரி பட்டுப்புடவையில் தலைகுனிந்து நின்றாள். சுற்றிலும் சத்தம். அது கல்யாண வீட்டுச் சத்தமாக இல்லை.

"பெத்த பொண்ணு நிச்சயத்துக்கு அப்பன் வரலன்னா என்னங்க அர்த்தம்?" மாப்பிள்ளையின் பெரியப்பா சுந்தரராஜன் கேட்டுக்கொண்டிருந்தார். "சம்மதமில்லன்னா நேராச் சொல்லிருங்க. இல்ல, அங்க உங்களுக்கு வேற குடும்பம் கிடும்பம் இருக்குதா?"

"வண்டி நின்னு போச்சுங்க மாமா…"

"எல்லா டிரைவரும் சொல்றதுதான் அது. நம்பணுமா?"

சித்தி சாப்பாட்டுக் கேரியரை என்னிடம் தள்ளிவிட்டு ஃபோனை வாங்கினாள்.

"வணக்கங்க. வண்டிய நிறுத்தினது நான்தான். கம்பெனியில பர்மிட் பாக்கறேன். இவர் மேல தப்பில்ல. நான் அநாவசியமா சந்தேகப்பட்டேன்."

"நீங்க யாரும்மா? நீங்க சொல்றத நாங்க எப்படி நம்பறது?"

சித்தி ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நம்ப வேண்டாங்க. கேளுங்க. உங்களுக்கு என்னென்ன சந்தேகமோ எல்லாம் கேளுங்க. நான் சொல்றேன்."

பெரியப்பா விடவில்லை. வண்டியைக் காட்டச் சொன்னார். நம்பர் பிளேட்டைக் காட்டச் சொன்னார். இவர் தூங்குகிற இடம் எது, யார் சமைக்கிறார்கள், எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டார். சித்தி ஃபோனை ஏந்திக்கொண்டு கேபினுக்குள் ஏறினாள். மடித்த போர்வையைக் காட்டினாள், ஸ்டவ்வைக் காட்டினாள். வேர்த்துக் கொட்டியது. எதற்கும் முகம் சுளிக்கவில்லை.

"குடிப்பாருங்களா?"

"நான் பாத்ததில்ல. பாத்திருந்தா இந்த வண்டியத் தொட விட்டிருக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் சிரித்தாள். "பெரியப்பா, உங்களுக்குமேல இருப்பாங்க போல இந்தம்மா!" என்றது ஒரு குரல். சிரிப்பு பரவியது. பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"செரி, செரி. அப்பங்கிட்டக் குடுங்கம்மா. நேரம் போகுது, வெத்தலபாக்கு மாத்தோணும்."

மாணிக்கம் இரண்டு கையாலும் ஃபோனை வாங்கி எழுந்து நின்றார். மாற்றி முடிக்கும்வரை உட்காரவில்லை. சித்தி சற்றுத் தள்ளி, திரையில் தன் முகம் விழாத இடத்தில் நின்றாள்.

முடிந்ததும் அவர் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, சித்தியைப் பார்க்காமல் கைகழுவினார்.

"பசிக்குதுங்கக்கா" என்றார். "சோத்தப் போடுங்க."