நீல டேப் கூண்டு

சுழலும் தடியில் எலியை ஏற்றிவிட்டு, அது விழும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. படித்த படிப்புக்கு நல்ல உத்தியோகம் என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். எங்கள் கடலில் எடுத்த பாசியின் சாறு பார்க்கின்சன் நோய்க்கு உதவுமா என்று ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டிருந்தோம். அதற்காக எலிகளுக்கு விஷ ஊசி போட்டு, அந்த நோயை நாங்களே வரவழைத்தோம்.

வீட்டில் அது தானாகவே வந்திருந்தது. அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கண்டெய்னரைச் சத்தமில்லாமல் லாரியில் இறக்கிவைத்த கைக்கு, இப்போது சட்டைப் பித்தானைப் போட அரைமணி நேரம் ஆகிறது. உதவிக்குப் போனால், “தள்ளிப் போளா, நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று எரிந்து விழுவார்.

மொத்தம் மூன்று கூண்டுகள். ஒன்றுக்கு விஷமும் சாறும். இன்னொன்றுக்கு விஷம் மட்டும். மூன்றாவதற்கு இரண்டும் கிடையாது, ஊசியில் வெறும் எண்ணெய்தான். எது எந்தக் கூண்டு என்பது ஆய்வகத்தை நடத்தும் மேடத்துக்கு மட்டும்தான் தெரியும், அதை ஒரு கவரில் போட்டு ஒட்டிவைத்திருந்தார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீலம், சிவப்பு, மஞ்சள் டேப்தான். ஆசையில், எலி விழாமல் நின்ற நேரத்தை நாங்கள் கூட்டி எழுதிவிடக் கூடாது அல்லவா?

நேரத்தை நான் கூட்டி எழுதவில்லை. ஆனால் ஆசைப்பட்டேன். நீல டேப் எலிகள் தடியிலிருந்து விழவே இல்லை. அன்று சாயங்காலமே அப்பாவிடம் உளறினேன்.

“நீலமா? மாதா கலருல்லா! அப்பம் அதுதாம்ளா மருந்து” என்றார்.

அந்தச் சனிக்கிழமை மாதா கோயிலில் எலிகளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினார். நான்கு தீக்குச்சிகளைக் கீழே போட்டார், என்னைத் தொடவிடவில்லை. விஷமே போடாத கூண்டு ஒன்று உண்டு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி நான். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கே அது மறந்துபோக வேண்டும் போலிருந்தது.

பிறகு தினமும் கேட்பார்: “ஏளா, நம்ம எலி இன்னைக்கு விழுந்துட்டா?”

“இல்லப்பா.”

அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

கடைசி நாள், மூளையை எடுத்துப் பார்ப்பதற்காக எல்லா எலிகளையும் மயக்கமருந்து கொடுத்துக் கொன்றோம். நீலக் கூண்டு என் பங்குக்கு வந்தது. அதன்பின் மேடம் கவரைப் பிரித்தார். நீலம், விஷம் போடாதவை. சாறு குடித்தவை சிவப்பு. அவை, சாறு குடிக்காத மஞ்சளைப் போலவே விழுந்திருந்தன.

“இதுவும் ஒரு ரிசல்ட்தானம்மா, எழுது” என்றார் மேடம். அவரை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கோயிலுக்குக் கிளம்பி வாசலில் நின்றார். மேல் பித்தான் மட்டும் இன்னும் போடாமல் இருந்தது.

“இன்னைக்கு முடிஞ்சிட்டுல்லா? எனக்கு எப்பம் தருவாவ?”

“நீலத்துக்கு நோயே கொடுக்கலப்பா. அதான் அது விழல.”

விரல் பித்தானிலேயே நின்று ஆடியது.

“அப்பம், என்னைப் போல உள்ளதெல்லாம்?”

“விழுந்துட்டுப்பா. மருந்து குடிச்சதுகூட விழுந்துட்டு.”

அப்பா கையை இறக்கினார். என் முன்னால் வந்து, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

“இதைப் போட்டுவிடுளா” என்றார்.