கை கைப்பைக்குப் போகும் முன்

பிள்ளைகளே, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். அதனால் இதை எழுதி வைக்கிறேன். இணையத்தில் வீடியோ போடுகிறவர்களிடம் போய், பார்க்கிறவர்கள் எந்த இடத்தில் பாதியில் போய்விடுகிறார்கள், ஏன் போகிறார்கள், அவர்களை எப்படி உட்கார வைப்பது என்று சொல்வதுதான் என் வேலை. இதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இருந்திருந்தாலும் பத்தாவதோடு நின்ற என்னைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

நான் படித்தது தி. நகரில் ஒரு புடவைக் கடையில். பதினாறு வருஷம் பட்டுப் பிரிவில் நின்றேன். வந்தவர் எழுந்து போகப்போகிறார் என்பதை அவர் வாயால் சொல்ல மாட்டார். முதலில் கை மடியில் இருக்கும் கைப்பைக்குப் போகும். போய்விட்டால் அப்புறம் எதை விரித்தும் பயன் இல்லை. கை அசையும் முன்பே அடுத்த புடவை விரிந்திருக்க வேண்டும். அது எனக்கு நன்றாக வந்தது.

கடையில் வீடியோ போட ஆரம்பித்தபோது, எனக்குப் பேச்சு வரும் என்று என்னையே செல்போன் முன்னால் நிறுத்தினார்கள். ஒரு நாள் கணினி பார்க்கிற பெண் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். அதில் ஒரு கோடு. இடப்பக்கம் உச்சியில் தொடங்கி, வலப்பக்கம் போகப்போக இறங்கியது. ஒவ்வொரு நொடியிலும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கோடு என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பதினாறு வருஷமாக நான் கண்ணால் பார்த்துவந்ததை யாரோ படமாக வரைந்து வைத்திருந்தார்கள். ஒரு இடத்தில் கோடு தொபுக்கென்று விழுந்திருந்தது. ஓட்டிப் பார்த்தால், அங்கே நான் கடைக்கு எந்த பஸ்ஸில் வருவது என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வீடியோவில் வழி சொல்வதைக் கடைசிக்குத் தள்ளினேன். கோடு தாங்கியது. அன்று கே.கே. நகர் வரை பஸ்ஸில் உட்காரவே தோன்றவில்லை எனக்கு. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

இதையே வேலையாகச் செய்யப்போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“கோட்ட பாத்துக்கினு குந்தினு இருந்தா சோறு வந்துடுமாய்யா?” என்றாள். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, “சரி, ஒரு தபா பண்ணித்தான் பாரேன். இல்லாங்காட்டி தூக்கத்துல கூட கோடு கோடுன்னுதான் பொலம்பிக்கினு கீறே” என்றாள்.

கடை முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. அவரும் முறைக்கவில்லை. “ஆடித் தள்ளுபடிக்கு ஆள் வேணும்லா. ஆடி பொறக்கதுக்குள்ள வந்துட்டா உன் இடம் அப்படியே இருக்கும். வரலேன்னா வேற ஆளப் போட்டுருவேன்டே” என்றார்.

ஆடிக்கு மூன்று நாள் இருந்தபோது என் கையில் இருந்தது ஒரே ஒரு ஆள். மயிலாப்பூரில் பண்டிகைச் சமையல் வீடியோ போடுகிற ஒரு அம்மாள். என் வயதுதான் இருக்கும். அந்தக் குடியிருப்பே மாமி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் வீட்டுக்காரர் செல்போனில் படம் பிடிப்பார். சமையல் அருமை, விளக்கம் அருமை, ஆனால் கோடு பத்தாவது நொடிக்குள் தரையைத் தொட்டுவிடும். இவரும் போய்விட்டால் நான் மறுபடியும் பட்டுப் பிரிவுதான்.

நான் ராப்பகலாக மற்றவர்களின் சமையல் வீடியோக்களைப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். நன்றாக ஓடுகிற எல்லாவற்றிலும் முதல் காட்சியிலேயே யாராவது ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடுகிறார்கள். மாமியின் வீடியோ ஒன்றில்கூட யாரும் ருசி பார்க்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன்.

அன்று புளியோதரை. கலந்து ஆற வைத்திருந்தார்கள். நான் போன வேகத்தில், “முதல் காட்சி இப்படி இருக்கணும் மாமி” என்று ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக் கண்ணையும் மூடிக் காட்டினேன்.

கண்ணைத் திறந்தால் மாமா செல்போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமி மெதுவாக, “பெருமாளுக்கு இன்னும் நைவேத்யம் பண்ணலையே” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமிக்குப் படைக்கிற வரை சமைத்தவர்கூட அதை வாயில் வைப்பதில்லை அந்த வீட்டில். அதனால்தான் ஒரு வீடியோவிலும் ருசி பார்க்கிற காட்சி இல்லை. நானோ மொத்தத்தையும் எச்சில் பண்ணிவிட்டேன்.

மாமி திட்டவில்லை. அந்தப் பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதலிலிருந்து புளியை ஊறப்போட்டார். மன்னிப்புக் கேட்டேன். “தெரியாமத்தானே பண்ணேள், விடுங்கோ” என்றார் மாமா. மாமி மட்டும் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: “இதுவும் நிக்கலேன்னா விட்டுடலாம்னு இருக்கேன் சார். யாரும் பாக்காத சமையலை எதுக்குப் படம் பிடிச்சுண்டு?”

கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

புளிக்காய்ச்சல் கொதித்துச் சுண்டியது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்தபோது மாமி தீயைக் குறைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாணலிக்கு மேலே குனிந்து, கண்ணை மூடி ஆவியை ஒரு தடவை மோந்து பார்த்தார். நிமிரவில்லை. இன்னொரு தடவை மோந்தார்.

“ஒரு கல்லு கம்மி,” என்றார். கல் உப்பு ஒன்றை எடுத்துப் போட்டார். மறுபடியும் குனிந்தார். “இப்போ சரி.”

என் கை பையின் மேல் இல்லை. நான் ஸ்டூலின் நுனிக்கு வந்திருந்தேன். எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தவனையே இந்த அம்மாள் நிறுத்திவிட்டாரே என்று மனசு துள்ளியது.

“மாமி, அத முதல்ல வச்சிக்கலாமா?”

“எதை?”

“மோந்து பாத்து உப்புப் போட்டீங்களே, அத.”

“அது என்ன அதிசயம்? எங்காத்துல எல்லாரும் பண்றதுதானே” என்றார். நல்லவேளை, மாமா அதையும் படம் பிடித்திருந்தார். நாக்கில் வைக்காமல் உப்பைச் சொல்ல முடியுமா என்று ஒரே ஒரு வரி சேர்த்து, அந்தக் காட்சியை முன்னால் வைத்தோம்.

ஞாயிறு காலை வீடியோவைப் போட்டோம். அன்று முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. திங்கள்கிழமை தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றபோது மாமாவின் போன். “சார், கோடு பாத்தேளா?” என்றார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்றே தெரியவில்லை.

திறந்தேன். பத்து நொடி தாண்டியும் கோடு விழவில்லை. ஒரு நிமிடம் தாண்டியும் விழவில்லை. மாமி குனிகிற இடத்தில் கோடு மேலே எழும்பியிருந்தது. பார்த்தவர்கள் திரும்பிப் போய் அதையே இன்னொரு தடவை பார்த்திருக்கிறார்கள். கடையில் எப்போதாவது ஒருவர், புடவைகளை மடித்து வைத்த பிறகு, அந்த மாம்பழக் கலரை மறுபடியும் காட்டுங்கள் என்பார். அந்த மாதிரி, ஆயிரக்கணக்கான பேர். பக்கத்து சீட்டுக்காரரிடம் போனை நீட்டிக் காட்டிவிட்டேன். அவர் கோட்டையும் என்னையும் பார்த்துவிட்டு, “ஷேர் மார்க்கெட்டா?” என்றார்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். “சரிடே, கோடு விழுந்தா வா” என்றார்.

சாயங்காலம் மயிலாப்பூர் போனேன். அடுத்த வாரம் என்ன சமைப்பது என்று மாமி ஏற்கெனவே பட்டியல் போட்டு வைத்திருந்தார். கிளம்பும்போது வாழை இலையில் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, “இது பெருமாளுக்குக் காட்டியாச்சு. தைரியமா சாப்பிடுங்கோ” என்றார்.

அன்று நீங்கள் இருவரும் சாப்பிட்டீர்களே, அந்தப் புளியோதரைதான் அது. சின்னவளே, நீ காரம் காரம் என்று மூக்கை உறிஞ்சினாய். தண்ணீர் கொண்டுவரக்கூட எழுந்து போகவில்லை.