பழைய போனுக்குப் பணிவிடுவிப்பு

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டில் பாரை மீன் குழம்பு பாதிக் கொதியில் நின்றது. கேஸ் தீரவில்லை. சமைத்துக்கொண்டிருந்தவன் அடுப்பை அணைத்துவிட்டு, போனும் கையுமாக என் முன்னால் வந்து நின்றுவிட்டான்.

"அத்தான், ஏஜென்ட் மெயில் போட்டிருக்காராம். எனக்கு மெயிலே தொறக்க மாட்டேங்குது."

அவன் என் மனைவி லூர்துவின் தம்பி இஞ்ஞாசி. சரக்குக் கப்பலில் சீஃப் குக். ஒன்பது மாதம் கடல், பிறகு சில மாதம் கரை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரையில் இருக்கும்போது எங்கள் குசினி அவன் வசம் — இந்தப் பக்கத்தில் அடுப்படிக்கு அதுதான் பெயர். இந்தத் தடவை கரையில் கொஞ்சம் அதிகமாகவே தங்கிவிட்டான். பத்து மாதமாகியும் கப்பல் அமையவில்லை. இப்போது அமைந்திருக்கிறது. மெயிலில். அந்த மெயில் பூட்டிக் கிடக்கிறது.

பூட்டியது யார்?

நான்தான்.

முந்தின நாள் சாயங்காலம் அவன் புது போன் வாங்கி வந்தான். கடைக்காரப் பையன்களே எல்லாவற்றையும் மாற்றித் தருகிறார்கள். ஆனால் இஞ்ஞாசி, "எங்க அத்தான் இருக்காவ, அவங்க முறைப்படி செய்வாவ" என்று சொல்லி, பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவந்துவிட்டான். அந்த நம்பிக்கைக்கு நான் என்ன செய்ய வேண்டும்? முறைப்படி செய்தேன்.

துறைமுக அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன் நான். அங்கே ஒரு விதி உண்டு. மாறுதலில் போகிறவர் முதலில் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். சாவி, முத்திரை, கோப்பு, ஸ்டேப்ளர் உட்பட எல்லாவற்றுக்கும் பட்டியல், கையெழுத்து. அவர் விடுவிக்கப்பட்ட பிறகுதான் வருகிறவர் பொறுப்பேற்க முடியும். ஒரே நாற்காலியில் இரண்டு பேர் எப்படி உட்காருவது?

அதையேதான் போன்களுக்கும் செய்தேன். படங்களைத் தனியே எடுத்து வைத்தேன். பழைய போனிலிருந்து இஞ்ஞாசியின் கணக்கை நீக்கினேன். பிறகு ஃபேக்டரி ரீசெட். "எல்லாம் அழிந்துவிடும், நிச்சயம்தானா?" என்று அது இரண்டு முறை கேட்டது. இரண்டு முறை கேட்கும் எந்த அலுவலகத்தின் மீதும் எனக்கு மரியாதை உண்டு. இரண்டு முறையும் ஆம் என்றேன். சிம்மை எடுத்துப் புதியதில் போட்டேன். கணக்கைத் திறக்கப் போனேன்.

"பாஸ்வேர்டு என்ன, இஞ்ஞாசி?"

"அது போனுக்குத் தெரியும் அத்தான்."

"எந்தப் போனுக்கு?"

அவன் பழைய போனைக் கை காட்டினான். அது கழுவிய தட்டுபோல மேசையில் கிடந்தது.

ஊகித்துப் பார்த்தோம். அவன் வேலை பார்த்த கப்பல்களின் பெயர்கள், பிறந்த வருடம், அவனுக்கு வேண்டிய புனிதர்கள்... ஏழாவது புனிதரோடு கணக்கு பூட்டிக்கொண்டது. "நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று இஞ்ஞாசி வெங்காயம் உரிக்கப் போய்விட்டான்.

அந்த நாளைதான் செவ்வாய்க்கிழமை.

ஏஜென்டை நானே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். மும்பையில் இருக்கிறார், நம் பக்கத்துக்காரர்தான்.

"மெயில்ல ஒரு லிங்க் இருக்கு சார். மூணு மணிக்குள்ள அத அமுக்கி சம்மதம் சொல்லணும். மெடிக்கல் சர்டிஃபிகேட்டையும் அதுலயே ஏத்தணும்."

"வேறு மெயிலுக்கு அனுப்ப முடியாதா?"

"கம்பெனில எந்த மெயில் பதிஞ்சிருக்கோ அதுதான் சார். நான் ஒண்ணும் செய்ய முடியாது. மூணு அடிச்சா லிஸ்ட்ல அடுத்த குக்குக்குப் போயிரும். அவர் கோவாக்காரர், போன் கையிலதான் வச்சிருப்பார்."

அப்போது மணி பத்தே கால்.

லூர்து குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இவனுக்கு இந்தக் கப்பலும் போச்சுன்னா இன்னும் எத்தன மாசம்? நீங்க எதையாவது தொட்டா அது சரியாத்தான் இருக்கும். ஆனா வேலதான் நடக்காது" என்றாள். முப்பத்து மூன்று வருடத்தில் எந்த மேலதிகாரியும் என்னைப் பற்றிய ரகசிய அறிக்கையில் இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

மீட்பு வழிகளைப் பார்த்தேன். முதல் வழி: "உங்கள் பழைய போனில் ஆம் என்று அழுத்துங்கள்." ஆக, இந்த உலகத்தில் பழையவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே புதியவர் வந்துவிட வேண்டும். பழையவர்தான் புதியவருக்குச் சாட்சி. நான் சாட்சியைத் துடைத்துவிட்டேன்.

இரண்டாவது வழி: பதிவு செய்த எண்ணுக்கு ஒரு ஓடிபி. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் திரையில் தெரிந்தது. அது இஞ்ஞாசியின் எண் இல்லை.

"இது யார் நம்பர்?"

"என்னோடதுதான் அத்தான். பழசு."

கப்பல்காரர்கள் இருக்கும் வீடுகளில் இது தெரிந்த விஷயம். ஒன்பது மாதம் கடலில் இருந்தால் சிம்முக்கு யார் ரீசார்ஜ் செய்வது? செத்துப்போகும். கரைக்கு வந்ததும் புது சிம். லூர்துவின் போனில் "இஞ்ஞாசி ரெண்டாவது கப்பல்", "இஞ்ஞாசி மூணாவது கப்பல்" என்று வரிசையாக எண்கள் கிடக்கும். அந்த இரண்டு இலக்கம் மூணாவது கப்பலுக்குப் பொருந்தியது. இப்போது அவன் முடித்திருப்பது ஆறாவது.

ஓடிபி அனுப்பச் சொல்லி அழுத்திவிட்டு, அந்த எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். பின்னால் தையல் மெஷின்கள் ஓடின. திருப்பூராம்.

விவரத்தைச் சொன்னேன். "இப்போது உங்களுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு எண் வந்திருக்கும் அம்மா."

"ஆமாங்க, வந்துச்சுங்க."

"அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்."

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்களே."

"வாஸ்தவம். ஆனால் அது எங்களுக்கு வர வேண்டியது."

"எல்லாரும் அப்படித்தானுங்க ஆரம்பிக்கறாங்க. பேச்சப் பாத்தா படிச்சவங்களாட்டம் இருக்கறீங்க. இந்த வயசுல இதெல்லாம் வேண்டாமுங்க."

வைத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இன்னும் கொஞ்சம் நீளமாகத் திட்டியிருப்பேன்.

மூன்றாவது வழி, விண்ணப்பம். நிரப்பி அனுப்பினேன். பதில் உடனே வந்தது — "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. சில நாட்கள் ஆகலாம்." படித்ததும் சுருக்கென்றது. இதே வாசகத்தை எத்தனை பேருக்கு நான் எழுதியிருப்பேன்! அதை வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று இத்தனை வருடம் தெரியாமலே போய்விட்டது.

மணி பன்னிரண்டு. இஞ்ஞாசி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல அத்தான், விடுங்க" என்று குழம்பை மறுபடி கொதிக்க வைக்கப் போனான். கரண்டி பிடித்த கை சும்மா நின்றுகொண்டிருந்தது.

லூர்துதான் கேட்டாள். "ஏலே, போன மாசம் மெடிக்கல் சர்டிஃபிகேட்ட எங்கன வச்சு ஏஜென்டுக்கு அனுப்புன?"

"எஸ்தர் கடையில."

"உன் போன்லயா, அவ கம்ப்யூட்டர்லயா?"

"கம்ப்யூட்டர்லதான்."

"வெளிய வந்தியா?"

"கடைய விட்டா?"

"மெயில விட்டுல!"

இஞ்ஞாசி யோசித்தான். "அதெல்லாம் நான் எப்ப வந்தேன்?"

பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் சைன் அவுட் செய்யாதவர்களைப் பற்றி பத்திரிகையின் இதே பத்தியில் முன்பொரு முறை காட்டமாக எழுதியிருக்கிறேன். வாசகர்கள் மறந்திருந்தால் நல்லது.

பீச் ரோட்டில் இருந்து உள்ளே திரும்பும் சந்தில் எஸ்தரின் ஜெராக்ஸ் கடை. நாசரேத்துக்காரி, கணிதப் பட்டதாரி. நாங்கள் போனபோது கடை திறந்திருந்தது, கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு. இரண்டு மணிக்கு வரும் என்றாள். முன்பே அறிவித்திருந்தார்கள், முறையான மின்தடை. குறை சொல்ல வழியில்லை.

இரண்டு மணிக்கு வரவில்லை. இரண்டு பத்துக்கும் வரவில்லை. இஞ்ஞாசி கழுத்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தான். நான் லேமினேஷன் விலைப்பட்டியலை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு இருபத்தைந்துக்குத் தலைக்கு மேல் ஃபேன் ஒரு முனகல் முனகிச் சுற்ற ஆரம்பித்தது.

கம்ப்யூட்டர் விழித்ததும் திரையைப் பார்த்துத் திகைத்தேன். வரிசையாகக் கப்பல்காரர்களின் பெயர்கள். இஞ்ஞாசி குக். பிரான்சிஸ் ஆயில்மேன். சேவியர் எலக்ட்ரீசியன். ஆளுக்கு ஒரு தனி விண்டோ. எல்லாருடைய மெயிலும் திறந்தபடி!

"என்னம்மா இது?"

"என்ன சார் செய்ய? இவங்க வருவாவ, மெயில தொறப்பாவ, பிரிண்ட எடுத்துட்டு அப்படியே எந்திச்சுப் போயிருவாவ. மொதல்ல நானும் மூடிக்கிட்டுதான் இருந்தேன். அடுத்த தடவ வந்து பாஸ்வேர்டு தெரியாது, நம்பர் செத்துப்போச்சும்பாவ. இங்கன நின்னு அழுதவங்களும் உண்டு. அதான் மூடுறதில்ல."

"இது விதிகளுக்கு முற்றிலும் விரோதம்."

"ஆமா சார். அண்ணன் மெயில தொறக்கட்டா, வேண்டாமா?"

திறந்தாள். மேலேயே இருந்தது, ஏஜென்டின் மெயில். போன மாதம் ஏற்றிய சர்டிஃபிகேட்டும் அதே கம்ப்யூட்டரில் இருந்தது. இரண்டு நாற்பத்தொன்றுக்குச் சம்மதம் போய்ச் சேர்ந்தது. இஞ்ஞாசி ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான். கோவாக்காரருக்கு வேறு கப்பல் அமையட்டும்.

பாஸ்வேர்டையும் அந்தக் கம்ப்யூட்டரே சேமித்து வைத்திருந்தது. எஸ்தர் எடுத்துக் காட்டினாள். அதை இங்கே எழுதக்கூடாது. அதில் லூர்துவின் பெயர் இருந்தது என்று வீட்டில் மட்டும் சொன்னேன். அன்று முழுக்க அவள் என்னை எதுவும் சொல்லவில்லை.

விதிகள் தவறா? இல்லை. ஆனால் அவற்றை எழுதியவர்கள், ஒரு மனிதன் ஒரே ஊரில், ஒரே எண்ணோடு, எப்போதும் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருப்பான் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படி ஒரு நாற்காலியில்தான் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன.

கணக்கில் என் எண்ணையும் லூர்துவின் எண்ணையும் சேர்த்துவிட்டோம். பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம் என்றேன். "கப்பல் ஏறுற வரைக்கும் எதையும் தொடாதீங்க அத்தான்" என்று இஞ்ஞாசி கையெடுத்துக் கும்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினான்.

இனி அந்தக் கடையில் திறந்து கிடக்கும் மெயிலை மூடிவிடலாம் அல்லவா? அதுதானே முறை? திங்கட்கிழமை காலை எஸ்தர் கடைக்குப் போனேன். இஞ்ஞாசி குக் விண்டோவைத் திறந்தாள். மவுஸைக் கையில் வாங்கி, சைன் அவுட் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்... பிறகு மவுஸை எஸ்தரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, என் ஆதார் அட்டைக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.