பிணை கேட்காத அட்டை

எங்கள் ஆசிரியர் அறைக்கு ஒருநாள் வங்கியில் இருந்து ஒரு இளைஞர் வந்தார். எங்கள் ஊரான முள்ளியவளையின் வெயிலில் கழுத்துப்பட்டி கட்டிய ஆளை அன்றுதான் கண்டேன். கடனட்டை தருகிறோம், உங்கள் சம்பளத்துண்டு மட்டும் போதும், பிணைக்கு ஆள் தேவையில்லை என்றார். அந்தக் கடைசிச் சொல்லில் விழுந்தேன்.

வங்கிக் கடன் எடுப்பதென்றால் நிரந்தர உத்தியோகம் பார்க்கும் இருவர் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்காகப் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு பல்லைக் காட்டித் திரிபவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் பாடசாலை அலுவலக உதவியாளர் அக்கா, கிணறு கட்ட என்று ஒரு படிவத்தோடு வந்திருந்தார். நான் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏலாதக்கா. வரவுக்குள்ள சீவிக்கப் பழகுங்கோ.”

“சரி சேர்” என்று போய்விட்டார். வேறு யாரோ கையெழுத்து வைத்தார்கள். கிணறும் கட்டி முடிந்தது.

எனக்கு அட்டை தபாலில் வந்தது, கூடவே பொடி எழுத்தில் நாலு பக்கக் கடதாசியும். அட்டை பணப்பைக்குள் போனது, கடதாசி அலுமாரிக்குள். நான் சாமான் வாங்கும் கடைகளில் அட்டை எடுக்கமாட்டார்கள். ஆகவே சீனியும் சவர்க்காரமும் வாங்க வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். பஸ் காசை எந்த மடையன் கணக்குப் பார்த்தான்? சுப்பர் மார்க்கெட்டில் அட்டையை இரண்டு விரலால் நீட்டிவிட்டு, பின்னால் நிற்பவர் பார்க்கிறாரா என்று பார்ப்பேன். மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீட்டுக்கு அதை ஏ.ரி.எம்மில் போட்டுக் காசாகவே எடுத்தேன். பந்தல், வீடியோ, பல்லக்கு. காசாக எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும் என்று அலுமாரிக்குள் கிடந்த கடதாசி சொல்லியிருக்கிறது.

மாதாமாதம் பில் வரும். அடியில் ‘குறைந்தபட்சம் செலுத்த வேண்டியது’ என்று ஒரு சின்னத் தொகை. அதுதான் தவணைக் காசு என்று நினைத்து, ஒருநாள் பிந்தாமல் கட்டினேன். அந்தப் பெருமையில் அட்டையைத் தேய்ப்பதையும் நிறுத்தவில்லை. நான் கணித ஆசிரியர். கூட்டு வட்டி விளங்காத பிள்ளைகளிடம் மண்டைக்குள் களிமண்ணா என்று கேட்கிறவன்.

ஒன்றரை வருடத்தின் பின் மனைவிதான் பழைய பில்லையும் புதுப் பில்லையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கட்டக் கட்டக் கடன் கூடியிருந்தது.

“நீங்கள் கணக்கு வாத்தியார்தானே?” என்றார்.

தப்ப ஒரே வழி, குறைந்த வட்டியில் வங்கிக் கடன் எடுத்து அட்டைக் கடனை அடைப்பது. அதற்கு இரண்டு பிணை. விளையாட்டு ஆசிரியர் இரக்கப்பட்டு ஒன்று வைத்தார். மற்றவர்களிடம் நான் பல்லைக் காட்டிக்கொண்டு போனேன். ஏற்கெனவே வேறு ஆளுக்கு வைத்துவிட்டோம் என்றார்கள். பாதிப் பேர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். நானும் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது பிணை கிடைக்காவிட்டால் வட்டியே என் சம்பளத்தைத் தின்று முடித்துவிடும்.

மிச்சம் இருந்தவர் கிணறு கட்டிய அந்த அக்கா மட்டும்தான். மூன்று நாள் அலுவலகப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாலாம் நாள் வெட்கத்தை விட்டுவிட்டுப் போய்ப் படிவத்தை நீட்டினேன். இவர் பழைய கதையை எடுப்பார், நான் தலையைக் குனிந்து கேட்பேன், அதோடு முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் பழைய கதையை எடுக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, முதல் பக்கத்தில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார். மணி அடித்தது. எனக்கு வகுப்பு இருந்தது. நான் நின்றேன்.

“நீங்கள் கட்டாட்டி என்ர சம்பளத்தில வெட்டுவினம், என்ன சேர்?”

“ஓம் அக்கா. அப்பிடி வர விடமாட்டன்.”

தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கே விரல் நின்றது. படிவத்தை என் பக்கம் திருப்பினார். அடியில் என் கையெழுத்து அழகாக இருந்தது.

“எத்தினை வருசத்தில கட்டுறது எண்ட இடம் வெறுமையாக் கிடக்கு, சேர். அதை நிரப்பித் தாங்கோ, கையெழுத்துப் போடுறன்.”