ஈஸ்டர் அன்று ஊதியவன்

பேய், ஆவி, கண்ணேறு எதுவும் என்னிடம் செல்லாது. சுடுகாட்டுக்குப் பக்கத்தில் மணிமுத்தாற்று மணலில் உட்கார்ந்து டிரம்பெட் சாதகம் செய்தவன் நான், ஒரு ஆவியும் எழுந்து வந்து தாளம் போட்டதில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் இரண்டு டிரம்பெட். ஒன்று நான், இன்னொன்று சகாயம். இரண்டு பேருக்கும் பீங்கான் கம்பெனியில் வேலை. நான் நோட்டு பார்த்து ஒரு புள்ளி பிசகாமல் ஊதுவேன். அவனுக்கு நோட்டே படிக்க வராது. நையாண்டி மேளக்காரர்களோடு மாரியம்மன் திருவிழாக்களில் சுற்றி, நாயனத்துக் குழைவையெல்லாம் பித்தளையில் கொண்டுவந்து வைத்திருந்தான், ஊரே அவனைத்தான் தலையில் தூக்கிவைத்து ஆடியது. என் வீட்டுக்காரிகூட, "சகாயண்ணன் ஊதுனா மேலெல்லாம் புல்லரிக்குதுங்க" என்பாள். எனக்கு வயிறு எரியும். ஏன் எரியக் கூடாது?

அந்த வருஷ ஈஸ்டருக்குப் பாட்டு மாஸ்டர் புதுசாக ஒன்று செய்தார். நாலு குரலில் குழு பாட, கூடவே தவிலும் பம்பையும், அதற்குப் பெண்ணாடத்திலிருந்து மேளக்காரர்கள் வந்தார்கள். கர்த்தர் உயிர்த்தெழும் இடத்தில் எல்லாரும் நிறுத்த, டிரம்பெட் மட்டும் தனியாக ஒலிக்க வேண்டும். அந்த இடம் யாருக்கு? சகாயத்துக்கு. நான் பக்கத்தில் நின்று ஒத்து ஊத வேண்டுமாம்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள், சூளையிலிருந்து எடுத்த தட்டு ஒன்று வெடித்துத் தெறித்து சகாயத்தின் மேலுதடு பிளந்துவிட்டது. தையல் போட்டார்கள். டிரம்பெட்காரனுக்கு உதடு போனால் எல்லாம் போச்சு. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் கொடுத்தார். ஐயோ பாவம் என்று வாயால் சொன்னேன், மனசு குதித்தது.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து கச்சேரி. பட்டப்பகல், கோயில் நிறைய ஜனம். சகாயம் கடைசி பெஞ்சில் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் முறை வந்தது, டிரம்பெட்டைத் தூக்கினேன், மூச்சை இழுத்தேன், இன்னும் விடவில்லை, சத்தியமாக விடவில்லை, அதற்குள் என் கையிலிருந்தே சத்தம் கிளம்பிவிட்டது. நோட்டில் இருந்தது இல்லை, நாயனக் குழைவு, எனக்கு ஜென்மத்துக்கும் வராத குழைவு. விரல்கள் தானாக அழுந்தின. இழுத்த மூச்சு நெஞ்சுக்குள்ளேயே நின்றது. பம்பைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் எப்போதும்போலக் குழாயின் சின்னச் சாவியை அமுக்கி, உள்ளே சேர்ந்த எச்சில் தண்ணீரை வடித்தேன். சிவப்பாக வந்தது. என் உதட்டைத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. கடைசி பெஞ்சுக்கு ஓடினேன். சகாயத்தின் தையல் விட்டுக் கைக்குட்டை முழுக்க இரத்தம்.

"என்னடா பண்ணுன?" என்றேன்.

"கோச்சிக்காதடா," என்று முனகினான். "அந்த எடத்த மட்டும் என்னால வுட முடியல."

சகாயம் செத்து எத்தனையோ வருஷமாயிற்று. அதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். அன்றைக்கு முதல் பெஞ்சில் என் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தவள் என் வீட்டுக்காரி. இப்போதும் அந்த ஈஸ்டர் பேச்சு வந்தால், தையல் போட்ட வாயோடு சகாயண்ணன் என்னமாய் ஊதினார் என்கிறாள். அப்போது நான் எங்கே இருந்தேன் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பக்கத்துலதான் நின்னீங்க," என்றாள். "அவருக்கு நோட்டைப் புடிச்சிக்கினு."